ஆறேகால் மணிக்கு வெட்டிய குரல்

போன சனிக்கிழமை பின்னேரம் அக்காவின் வகுப்பு இரண்டு மணித்தியாலம் ஓடி முடிந்தது. வெப்பவியல் பாடம். முடிந்த கையோடு சூமின் அரட்டைப் பகுதியை மேலிருந்து கீழ் வரை உருட்டிப் பார்த்தேன். கேள்விகள் இருந்தன, இரண்டு பேர் விடையைத் தவறாகப் போட்டிருந்தார்கள், ஒரு பிள்ளை கரண்ட் போய்விட்டது என்று எழுதியிருந்தது. "ரீச்சர், குரல் வெட்டுது" என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அப்படி ஒரு வகுப்பு கடைசியாக எப்போது நடந்தது என்று அக்காவுக்கும் ஞாபகம் இல்லை.

இதற்கு ஆறு வாரம் போனது. அதில் பாதி, தவறான பக்கம் தேடியதில் போன நாட்கள். மறந்துபோக முன்னர் நடந்த ஒழுங்கிலேயே எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வீட்டு வகுப்பு நடத்துகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாருக்காவது காசும் நேரமும் மிஞ்சலாம்.

இடம் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டாம் மாடி. கரையோர ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். அக்கா தமிழ் மொழிமூலம் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிறார். நாலு மணிக்கு ஒரு வகுப்பு, நேரில் 36 பேர். ஆறேகாலுக்கு அடுத்தது, நேரில் 28 பேர், சூமில் மட்டக்களப்பு, கிளிநொச்சி, ஹட்டன் என்று இன்னும் 40 பேர். கட்டடத்துக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, அதனால் 4ஜி ரவுட்டர்தான். வீட்டின் சொந்தப் பாவனை, வகுப்பு, பிள்ளைகளின் போன்கள், எல்லாம் அந்த ஒரு பெட்டியில்.

குறை என்னவென்றால், ஆறேகால் வகுப்பின் முதல் கால் மணித்தியாலம் ஒன்லைன் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. "தம்பி, நான் கதைக்கிறது அங்க கேக்குதோ எண்டு கேட்டுக் கேட்டே பாடம் போகுது" என்றார் அக்கா. கிளிநொச்சிப் பிள்ளை ஒன்று போன் டேட்டாவுக்குக் காசு போட்டுத்தான் வருகிறது. அந்தப் பிள்ளைக்கு முதல் கால் மணித்தியாலம் கேட்கவில்லை என்றால் அது நாங்கள் தரவேண்டிய பாடம்.

முதல் பிழை நான் விட்டது. வேகம் போதவில்லை என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்து, டேட்டாப் பொதியை மாதம் 1,600 ரூபாய் கூடியதற்கு மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மொட்டை மாடியில் பூட்டும் அன்டனா ஒன்று 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். சிக்னல் கோடுகள் இரண்டிலிருந்து நாலாகின. காலை பதினொரு மணிக்கு அளந்தால் அப்லோட் 14 மெகாபிட்டிலிருந்து 16க்கு ஏறியது. பின்னேரம் குரல் அதே மாதிரி வெட்டியது. 720பி தரத்தில் குழு அழைப்புக்கு 2.6 மெகாபிட் அப்லோட் போதும் என்று சூம் நிறுவனமே சொல்கிறது. என்னிடம் அதைப் போல ஐந்து மடங்கு இருக்கிறதே என்று அந்த நேரமே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. காலையில் அளந்துவிட்டுப் பின்னேரத்துப் பழுதுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம்தான் ஒழுங்காக அளக்கத் தொடங்கினேன். மேசை லாச்சியில் ராஸ்பெரி பை 4 என்ற கையளவுச் சிறு கணினி ஒன்று சும்மா கிடந்தது. அதைச் செருகி, செக்கனுக்கு ஒரு தடவை இரண்டு இடத்துக்குப் பிங் என்ற சிறு சோதனைச் செய்தி அனுப்பி, போய்வர எடுத்த நேரத்தைக் கோப்பில் எழுதும்படி வைத்தேன். ஓர் இடம் எங்கள் 4ஜி ரவுட்டர், மற்றது வெளியே கூகிளின் 8.8.8.8 முகவரி. ஏழு நாள் விட்டேன். செலவு ஒன்றும் இல்லை. முழு வேலையிலும் அதிகம் உதவியது இந்த ஒரு வாரம்தான்.

சும்மா இருக்கும் நேரத்தில் வெளியே போய்வர 58 மில்லிசெக்கன். தடம் பிடித்துப் பார்த்தால் தரவுத் துண்டுகள் (இவற்றையும் பொதிகள் என்பார்கள்) சிங்கப்பூர் பக்கம் போகின்றன. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆகவே போய்வர மட்டும் 27 மில்லிசெக்கன் வேண்டும். மிச்சம் 4ஜி கோபுரமும் வழியில் உள்ள பெட்டிகளும் எடுப்பது. அதில் நான் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்பு நாட்களில், ஆறு பத்துக்கு அந்த நேரத்தைக் காட்டும் வரைபடக் கோடு மேலே கிளம்பியது. 300, பிறகு 800, பிறகு 1,400. ஆறு முப்பதுக்குக் கிட்ட அப்படியே விழுந்து திரும்ப 58. நாலு வகுப்பு நாட்களிலும் அதே வடிவம், இரண்டு மூன்று நிமிடம் முன்னே பின்னே. அதே நேரம் வீட்டு ரவுட்டருக்குப் போன பிங் 2 மில்லிசெக்கனைத் தாண்டவில்லை. அப்படியென்றால் பழுது வைஃபையில் இல்லை, ரவுட்டர் வெளியே அனுப்புகிற இடத்தில்தான்.

ஆறு பத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க அன்று வகுப்பு வாசலிலேயே நின்றேன். நாலு மணி வகுப்பு முடிகிறது. உதவிக்கு நிற்கும் தம்பி பல்தேர்வு விடைத்தாள்களைப் போனால் படம் எடுக்கிறார், 36 தாள், ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 4 மெகாபைட். அவற்றை முகில் சேமிப்பில் ஏற்றுகிறார், அங்கே உள்ள சேவை ஒன்று திருத்தி அனுப்பும். அதோடு நாலு மணி வகுப்பின் ஒளிப்பதிவையும் ஏற்றுகிறார், 1.1 ஜீபி. பின்னேரத்தில் எங்கள் அப்லோட் 8 மெகாபிட்தான் வருகிறது. படங்களுக்கு இரண்டரை நிமிடம், ஒளிப்பதிவுக்கு பதினெட்டு நிமிடம். கூட்டிப் பார்த்தால் கோடு விழுந்த நேரம் சரியாக வந்தது. அவர் தன் வேலையை ஒரு நாளும் தவறாமல் நேரத்துக்குச் செய்திருக்கிறார்.

இதுதான் நடந்திருக்கிறது: ரவுட்டர் தன்னால் அனுப்ப முடியாததை எறியாமல் வரிசையில் வைத்துக்கொள்கிறது. 8 மெகாபிட்டில் 1,400 மில்லிசெக்கன் தாமதம் என்றால் வரிசையில் 1.4 மெகாபைட் நிற்கிறது. அக்காவின் குரல் இருநூறு பைட் அளவுச் சின்னப் பொதிகளாக வந்து அந்த 1.4 மெகாபைட்டுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். மென்பொருள் நிபுணர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதையே கண்டு 2010 அளவில் எழுதத் தொடங்கியவர். நான் கேள்விப்படாத விஷயம் இல்லை. என் வீட்டில் இருக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

"ஒளிப்பதிவை இரவில் ஏற்றுங்கோ" என்று தம்பியிடம் சொன்னோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் திரும்ப வெட்டியது. இந்தத் தடவை ஏறிக்கொண்டிருந்தது பிள்ளைகளின் போன்கள் தாமாகச் செய்கிற படச் சேமிப்பு. வகுப்புக்குள் வந்து வைஃபை பிடித்ததும் தொடங்கிவிடும். 28 போனை ஒவ்வொன்றாக வாங்கி நிறுத்துவது நடக்கிற காரியம் இல்லை. யார் என்ன ஏற்றினாலும் குரல் போகவேண்டும், அதை ஆட்களிடம் விடாமல் ரவுட்டரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றுதான் விளங்கியது.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த டீப்பி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டர் ஒன்று 9,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான திறந்த மென்பொருளை ஏற்றினேன். அரை மணித்தியால வேலை. 4ஜி ரவுட்டரை வெறும் மொடெம் மாதிரி வைத்து, அதன் பின்னால் ஆர்ச்சரைப் பூட்டி, அப்லோட் வழியில் கேக் என்கிற வரிசை மேலாளரை இயக்கினேன். கேக், 2018 இல் 4.19 பதிப்போடு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள் வந்தது. அதன் அடியில் இருக்கும் கோடெல் முறையை 2012 இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்டார்கள். வரிசையில் ஒரு பொதி 5 மில்லிசெக்கனுக்கு மேல் காத்திருக்கிற நிலை 100 மில்லிசெக்கன் தொடர்ந்தால் எறியத் தொடங்கு என்பதுதான் அதன் சாரம். இதையெல்லாம் சாதாரண வீட்டு ரவுட்டருக்குக் கொண்டுவரப் பல வருடம் பாடுபட்ட டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். 9,500 ரூபாய்ப் பழைய பெட்டியில் அவர்களுடைய வேலை ஓடுகிறதைப் பார்க்கும்போது மனதார நன்றி சொல்லத் தோன்றியது.

முதல் நாள் ஒன்றும் மாறவில்லை. காரணம் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம். 4ஜி ரவுட்டரின் சொந்த வைஃபையை நான் நிறுத்தவில்லை, பிள்ளைகளின் போன்கள் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு ஆர்ச்சரைச் சுற்றிப் போயின. நிறுத்தினேன். அடுத்த நாள் தாமதம் 1,400 இலிருந்து 90க்கு இறங்கியது, ஆனால் ஐந்து போன்கள் ஒன்றாக ஏற்றினால் சூம் மடிக்கணினிக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேக் ஒவ்வொரு கருவிக்கும் சமபங்கு தரக்கூடியது. ஆனால் வெளியே போகும் இடத்தில் எல்லாக் கருவியும் ஒரே முகவரியோடு தெரியும், முகவரி மாற்றம் அதற்கு முன்னரே நடந்துவிடும். "நாட்" என்ற தேர்வையும் சேர்த்துக் கொடுத்தால்தான் உள்ளே இருக்கும் உண்மையான முகவரியைத் தேடிப் பார்த்துப் பங்கு பிரிக்கும். அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் மடிக்கணினி தன் பங்கைப் பெற்றது.

அடுத்தது எனக்கு மூன்று நாள் செலவழிந்த இடம். கேக்குக்கு இணைப்பின் வேகத்தைச் சொல்ல வேண்டும். உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால்தான் வரிசை மொடெமில் சேராமல் நம் பெட்டியில் நிற்கும். நான் 8 இல் 85 வீதம் என்று 6.8 மெகாபிட் கொடுத்தேன். இரண்டு பின்னேரம் வடிவாக ஓடியது. மூன்றாவது பின்னேரம் மழை, ஊரே வீட்டுக்குள் இருந்து 4ஜியில் இருந்தது போல. எங்கள் அப்லோட் 4.5க்கு விழுந்தது. 6.8 என்று நம்பி அனுப்பிய கேக்கின் பொதிகள் திரும்ப மொடெமிலேயே குவிந்தன. 700 மில்லிசெக்கன். அக்கா ஒலிவாங்கியை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

4 என்று நிரந்தரமாகக் குறைத்து வைக்கலாம். அப்படிச் செய்தால் காலையில் 14 வரும்போது பத்து மெகாபிட்டை வீணாக்குவோம். ஃபைபருக்கு ஒரே எண் போதும், 4ஜிக்குப் போதாது. கேக்-ஆட்டோரேட் என்ற சிறு நிரல் இதற்காகவே இருக்கிறது. தாமதத்தைத் தொடர்ந்து பார்த்து, கூடினால் வேகத்தைக் குறைக்கும், இணைப்பு இலகுவாக இருந்தால் ஏற்றும். குறைந்தது 2, அடிப்படை 6, கூடியது 14 என்று கொடுத்தேன். ஒரே ஒரு கோர் (கணிக்கும் அலகு) உள்ள ஆர்ச்சரின் சில்லுக்கு இது கொஞ்சம் பாரம். பிங் அனுப்பும் முகவரிகளை நாலாகக் குறைத்ததும் சமாளித்தது. அதன் பிறகு முழு ஏற்றத்தின் போதும் தாமதம் 75 முதல் 95க்குள் நிற்கிறது. குரல் வெட்ட இது போதாது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏழு நாள் கோப்பைப் பார்த்தபோது வேறு ஒரு கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது: இந்த விடைத்தாள்கள் ஏன் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும்? 144 மெகாபைட் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, 36 புள்ளிகளைத் திரும்ப வாங்குகிறோம். திரும்ப வருவது ஒரு கடதாசித் துண்டில் எழுதக்கூடியது. தரவு பிறக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கணிப்பை வைப்பது பற்றி ஆராய்ச்சியாளர்கள் நீண்ட நாளாகச் சொல்லி வருகிறார்கள். சத்யநாராயணனும் கூட்டாளிகளும் 'கிளவுட்லெட்' என்று எழுதியது 2009 இல். அவர்கள் நினைத்தது பெரிய விஷயங்களை. எனக்கு வேண்டியது ஒரு பல்தேர்வுத் தாளைத் திருத்தக்கூடிய பெட்டி. பிள்ளைகளின் புள்ளிகள் யாரோ ஒருவரின் கணினியில் கிடக்கத் தேவையில்லை என்பதும் எனக்கு முக்கியமாகப் பட்டது.

உயர்தரப் பௌதிகவியல் முதலாம் பத்திரம் 50 கேள்வி, கேள்விக்கு ஐந்து விடை. விடைத்தாளில் சரியான இலக்கத்தின் மேல் புள்ளடி போட வேண்டும். திருத்தும் நிரலைப் படங்களை ஆராயும் ஓப்பன்சிவி மென்பொருளை வைத்து எழுதினேன். நாலு மூலையிலும் கறுப்புச் சதுரம் அச்சிட்டுத் தாளை நேராக்குவது, 250 கட்டங்களை வெட்டுவது, எந்தக் கட்டத்தில் மை அதிகம் என்று பார்ப்பது. அதோடு ஒவ்வொரு பிள்ளையும் பிழைவிட்ட கேள்விகளின் விளக்கத்தை அக்காவின் பழைய ஒளிப்பதிவுகளிலிருந்து துணுக்காக வெட்டி, பிள்ளை வீட்டுக்குப் போக முன்னர் போனில் பார்க்கும்படி வைப்பது. இரண்டு வகுப்புக்கும் இடையில் இருப்பது பத்து நிமிட இடைவேளைதான். அதற்குள் முடிய வேண்டும்.

முதலில் ராஸ்பெரி பையில் ஓட்டினேன். 19 நிமிடம். வெப்பம் 80 பாகையைத் தொட்டு, சில்லு தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. நிலையைக் காட்டும் கட்டளை 50005 என்றது. மின்னழுத்தம் இப்போது குறைவு, வேகம் இப்போது குறைக்கப்பட்டிருக்கிறது, இரண்டும் முன்னரும் நடந்திருக்கின்றன என்று பொருள். போன் சார்ஜரும் மெல்லிய வயரும் போட்டிருந்தேன். 5.1 வோல்ட், 3 அம்பியர் தரும் சரியான மின்வழங்கியும் ஒரு சிறு விசிறியும் போட்ட பிறகு 14 நிமிடம். நல்ல முன்னேற்றம், ஆனால் பத்துக்கு மேல். ராஸ்பெரி பையைப் பிங் அளக்கும் வேலைக்கே திரும்ப அனுப்பிவிட்டு, பாவித்த மினி பீசி ஒன்று வாங்கினேன். இன்டெல் ஐ5-6500டி, நாலு கோர், 8 ஜீபி நினைவகம், 256 ஜீபி எஸ்எஸ்டி, 38,000 ரூபாய். அதில் நாலு நிமிடம்.

மினி பீசி வந்ததும் அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தேன். நாலு மணி வகுப்பின் பெரிய ஒளிப்பதிவைச் சுருக்குவது. நாலு கோரும் ஓடினால் 50 நிமிடம். திருத்தலும் சுருக்கலும் வகுப்பு முடிந்ததும் ஒன்றாகத் தொடங்கின. திருத்தல் நாலு நிமிடத்திலிருந்து பதினொன்றுக்குப் போனது. வாசலில் பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டு காத்து நின்றார்கள். அவசரமாக ஒரு தீர்வு போட்டேன். சுருக்கும் வேலைக்கு ஒரு கோருக்கு மேல் தராதே என்று உச்சவரம்பு. திருத்தல் சரியாகிவிட்டது. ஆனால் சுருக்கல் மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம் எடுத்தது. அதில் பெரும்பாலான நேரம் மூன்று கோர்கள் சும்மா இருந்தன. வேறு ஒரு வேலையும் இல்லாத இரவு எட்டு மணிக்கும் அந்த வரம்பு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.

இரண்டு நாள் கழித்துத்தான் இது கேக்கில் 4 மெகாபிட் என்று நிரந்தரமாக வைக்க நினைத்த அதே பிழை என்று பட்டது. வரம்பை எடுத்துவிட்டு நிறை கொடுத்தேன். லினக்ஸில் வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் திருத்தலுக்கு 900, சுருக்கலுக்கு 100. நிறை என்பது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டால் மட்டும் பார்க்கப்படுவது. ஒருவர் மட்டும் கேட்டால் முழுவதும் அவருக்கு. இப்போது திருத்தல் நாலரை நிமிடம், சுருக்கல் 54 நிமிடம். இரண்டு வரி மாற்றம். சுருங்கிய ஒளிப்பதிவு நள்ளிரவுக்குப் பிறகு ஏறுகிறது. எங்கள் பொதியில் அந்த நேரத்துக்குத் தனியாக இரவு டேட்டா இருக்கிறது, பகல் கணக்கில் கை வைப்பதில்லை.

திருத்தல் சரியாக இருக்கிறதா என்பதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கவில்லை. 36 தாள், 1,800 விடை. அக்கா கையால் திருத்தி, நான் ஒப்பிட்டேன். பதினொரு இடத்தில் வேறுபாடு. எட்டு, பென்சிலால் போட்ட புள்ளடியை அழித்துவிட்டு வேறு ஒன்று போட்ட இடங்கள். அழித்த தடம் நிரலுக்கு மையாகத் தெரிந்தது. இரண்டு, மடிந்த மூலை. ஒன்று, அக்காவின் கை தவறியது. ஒரு புள்ளிக்காகப் பிள்ளை எவ்வளவு மனம் வருந்தும் என்று எனக்குத் தெரியும், நானும் அந்தப் பரீட்சை எழுதினவன். இப்போது ஒரே கேள்வியில் இரண்டு கட்டத்தில் மை தெரிந்தாலோ, மை போதாவிட்டாலோ நிரல் முடிவெடுக்காது. அந்தக் கட்டத்தின் படத்தைத் தம்பியின் திரையில் காட்டும், அவர் பார்த்துச் சொல்வார். ஒரு வகுப்புக்குப் பதினைந்து இருபது வரும். ஒரு நிமிட வேலை.

துணுக்குகளைப் பிள்ளைகள் வைஃபையில் பார்க்கத் தொடங்கியதும் அடுத்த சிக்கல். முன் வரிசைக்கு உடனே ஓடியது, பின் மூலையில் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்துப் போனை வெவ்வேறு கதிரைகளில் வைத்து ஒரே கோப்பை இறக்கினேன். மெகாபிட்டில் 7, 6, 6, 5, 3, 2, 1, 1, அரை, அரை. 1984 இல் ராஜ் ஜெயினும் கூட்டாளிகளும் தந்த நியாயக் குறியீடு இதற்கு நல்ல அளவுகோல்: கூட்டுத்தொகையின் வர்க்கத்தை, வர்க்கங்களின் கூட்டுத்தொகையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். எல்லோருக்கும் சமம் என்றால் 1. எங்களுக்கு வந்தது 0.63.

ஆர்ச்சர் இருந்தது மூலையில், இரும்பு அலுமாரியின் மேல். அதைப் பக்கச் சுவரின் நடுவில், தலைக்கு மேலே பூட்டினேன். 2.4 கிகாஹேர்ட்ஸில் பழைய மெதுவான வேகங்களை நிறுத்தினேன். தூரத்தில் இருக்கும் ஒரு பழைய டெப், ஒரு மெகாபிட்டில் கதைத்துக்கொண்டு மற்ற எல்லோருடைய நேரத்தையும் எடுத்துவிடும். 5 கிகாஹேர்ட்ஸ் பிடிக்கக்கூடிய போன்களுக்கு அதற்குத் தனிப் பெயர் கொடுத்தேன். அதே பத்துப் போன், அதே கதிரைகள்: 5.5, 5, 5, 5, 4.5, 4.5, 4, 4, 3.5, 3. குறியீடு 0.97. மொத்தமும் 32 இலிருந்து 44க்கு ஏறியிருந்தது. முன் வரிசையிடமிருந்து எடுத்தது இரண்டு மெகாபிட்கூட இல்லை, பின் வரிசைக்குக் கிடைத்தது ஆறு மடங்கு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த ஐந்தாம் வாரக் கடைசியில் மினி பீசிக்கும் ஆர்ச்சருக்கும் இடையில் ஆயிரம் மெகாபிட் இணைப்பு நூறுக்கு இறங்கியது. இரண்டு நாளாக நான் மென்பொருளிலேயே தேடினேன். கடைசியில் வயரைப் பார்த்தேன். சுவரில் துளை போட முடியாததால் வயரை பல்கனி யன்னல் ஓரமாகச் சுற்றிக் கொண்டு போயிருந்தேன், இணைப்பு முனையும் அங்கேயே. பிளக்கைக் கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எட்டுத் தகட்டில் ஆறு மஞ்சளாகப் பளபளத்தன. ஏழாவதும் எட்டாவதும் மங்கி, விளிம்பில் பாசி மாதிரிப் பச்சைத் தூள். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கடலுக்கு இருநூறு மீட்டர்கூட இல்லை, உப்புக் காற்று நேரே யன்னலுக்கு வருகிறது. கிகாபிட்டுக்கு நாலு சோடிக் கம்பியும் வேண்டும், நூறுக்கு இரண்டு சோடி போதும். மண்ணிறச் சோடி போனதால் இரண்டு பக்கமும் பேசி நூறுக்கு இறங்கியிருக்கின்றன. முனையை வெட்டி, புதுப் பிளக்கை அழுத்திப் பூட்டி (கிறிம்ப் செய்து), இணைப்பை அறைக்கு உள்ளே எடுத்தேன். கிறிம்ப் கருவி கீழ் வீட்டு அண்ணாவுடையது. இரண்டாவது தடவைதான் எட்டும் சரியாகப் பிடித்தது.

கரண்ட் போனால் எல்லாம் வீண் என்பதால் 4ஜி ரவுட்டருக்கும் ஆர்ச்சருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று, 7,800 ரூபாய். மினி பீசிக்கு வீட்டில் இருந்த பழைய யூபிஎஸ். வயர், பிளக், சுவர்த் தாங்கி 2,600. ஆக, பயன்பட்ட செலவு 57,900 ரூபாய். அன்டனாவும் இரண்டு மாதப் பொதி வித்தியாசமும் 9,700, அது வீண். பொதியைப் பழையதற்கே மாற்றிவிட்டேன், இப்போதும் போதுகிறது. மினி பீசி சும்மா இருந்தால் 9 வாட், சுருக்கும்போது 38 வாட். சராசரி 15 வாட் என்று வைத்தால் மாதம் 11 யூனிட்டுக்குக் கிட்ட.

திரும்பச் செய்வதென்றால் அந்த ஏழு நாள் பிங் கோப்பை முதல் நாளே தொடங்குவேன், அது முடியும் வரை ஒரு சாமானும் வாங்க மாட்டேன். ஆர்ச்சரையும் வாங்கியிருக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் கேக்கை மினி பீசியிலேயே ஓட்டி, இரண்டாவது ஈதர்நெட் வாசல் உள்ள பெட்டியாகத் தேடியிருப்பேன். ஆட்டோரேட்டுக்கு அந்தச் சின்னச் சில்லு எல்லையில்தான் நிற்கிறது. எஸ்எஸ்டி ஒன்றுதான் இருக்கிறது, புள்ளிகளுக்கு இரண்டாவது பிரதி இன்னும் இல்லை. இந்த மாதச் சம்பளத்தில் அது வரும். விடைத்தாளில் மூலைச் சதுரங்களை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி அச்சிட வேண்டும், மடிந்தாலும் தெரியும். அப்புறம், யன்னலோர வயரின் மற்ற முனையையும் நான் இன்னும் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு காலை வகுப்பு இல்லை, அண்ணாவிடம் கிறிம்ப் கருவியைத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.